நந்தனாரைத் தீட்டப் புகும் பேத்திக்கு

  

கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் இறுதியாண்டு ஆய்வுக்காக சிவனடியார் நந்தனாரின் சரித்திரத்தை ஓவியத் தொடராகத் தீட்டவும், அதன் வழியாகப் பக்தியையும் தீண்டாமையையும் ஒருசேர விசாரிக்கவும் நீ சங்கற்பித்திருப்பதைக் கடிதத்தில் கண்டு பேரானந்தம் அடைந்தேன். வர்ணத்தையும் ரேகையையும் பற்றி உன் ஆசிரியர்கள் சொல்வார்கள். நான் சொல்ல விரும்புவது ஒன்றே: முன்கூட்டியே தீர்மானித்துவிட்ட ஒரு முடிவுக்குப் படம் போட்டுக் கொடுப்பது ஆராய்ச்சி ஆகாது; தீட்டத் தீட்ட நீ அதுவரை அறியாத ஒன்று உனக்குத் தெரியவருமானால்தான் உன் தூரிகை ஆராய்ந்தது என்று பெயர்.

இந்தச் சரித்திரத்தை எடுத்தாண்ட கலைஞர் ஒவ்வொருவரும் இதில் ஏதோ ஒன்றை மாற்றியிருக்கிறார்கள் என்பதை முதலில் கவனி. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் இவ்வடியாரின் பெயரைச் சொல்லி வணங்குவதோடு நின்றுவிட, பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார்தாம் ஆதனூர்ப் புலைப்பாடியையும், திருப்புன்கூரில் கோயிலுக்கு வெளியே நின்ற அவர் தரிசிக்க நந்தி விலகியதையும், தில்லை எனும் சிதம்பரத்தின் எல்லையில் மூட்டப்பட்ட தீயையும் விரிவாகப் பாடி வைத்தார். அவருடைய காவியத்தில் நந்தனாரைத் தடுக்கும் பண்ணையார் எவரும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் கதாகாலட்சேபத்துக்காகக் கீர்த்தனைகள் இயற்றியபோதுதான், சிதம்பரம் போக உத்தரவு தர மறுக்கும் வேதியரும், நாற்பது வேலி நிலத்தின் அறுவடையும் கதைக்குள் புகுந்தன. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அக்கீர்த்தனை நூலுக்குச் சிறப்புப் பாயிரம் அளிக்க முதலில் தயங்கி, பின்னர் பாரதியார் பாடக் கேட்டு மனம் உருகியே அளித்தார் என்பதை உ. வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். மூலத்தில் இல்லாத பண்ணையாரைப் பாரதியார் ஏன் படைத்தார் என்று கேட்டுப் பார். தஞ்சைத் தரணியில் பண்ணையாள் பட்ட பாட்டைக் கண்ணெதிரே கண்ட ஒருவருக்கு அந்தப் பாத்திரம் இல்லாமல் கதை பூர்த்தியாகவில்லை என்பது விளங்கும். அயோத்திதாசப் பண்டிதரோ நந்தனைப் பௌத்த அரசனாகவே கண்டு வேறொரு சரித்திரம் எழுதினார். புதுமைப்பித்தன் ‘புதிய நந்தன்’ என்ற சிறுகதையாகவும், இந்திரா பார்த்தசாரதி ‘நந்தன் கதை’ என்ற நாடகமாகவும் தத்தம் காலத்தின் கேள்விகளை இதற்குள் வைத்தார்கள். கதை எங்கே மாறுகிறதோ அங்கேதான் அந்தந்தக் காலத்துச் சமூகத்தின் மனச்சாட்சி புலப்படுகிறது. ஆகவே உன் சித்திரத்தில் நீ எதை மாற்றுகிறாய், எதற்காக மாற்றுகிறாய் என்பதற்கு உன்னிடம் பதில் இருக்க வேண்டும்.

அடுத்தபடியாக, பொருள்களைப் பார்க்கக் கற்றுக்கொள். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூஜைக்குக் கோரோசனையும் கொடுத்து வந்தவர் நந்தனார் என்கிறார் சேக்கிழார். அவர் கொடுத்த தோல் சந்நிதியில் முழங்க, கொடுத்தவர் மதிலுக்கு வெளியே நின்ற அந்த ஒரு செய்தியிலேயே நீ தேடும் பக்தியும் அநீதியும் பிரிக்க முடியாதபடி பிணைந்து கிடக்கின்றன. இன்றும் மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்தும் தொழிலாளிகள் நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்களுடைய வாழ்வைப் பற்றி கர்நாடக சங்கீத வித்வான் டி. எம். கிருஷ்ணா 2020-ஆம் ஆண்டு ஒரு நூலே வெளியிட்டிருக்கிறார். அதைப் படி, படித்ததோடு நில்லாமல் அவர்கள் வேலை செய்யும் இடத்துக்குச் சென்று, அந்தத் தோலின் நாற்றத்தையும், அதை இழுத்துக் கட்டும் கைகளின் காய்ப்பையும் அறிந்த பிறகு தூரிகையைத் தொடு. வைத்தீஸ்வரன் கோயிலுக்கு அருகிலுள்ள திருப்புன்கூருக்கும் போய், சந்நிதிக்கு நேராக இல்லாமல் ஒதுங்கியிருக்கும் நந்தியை நெடுநேரம் இருந்து பார்.

தீக்குளிப்பைத் தீட்டும் இடத்தில்தான் உனக்கு உண்மையான சோதனை காத்திருக்கிறது. இறைவன் ஆணைப்படி தில்லைவாழ் அந்தணர் மூட்டிய தீயில் புகுந்து, பூணூலும் சடைமுடியுமாக முனிவர் வடிவில் நந்தனார் எழுந்தார் என்பது புராணம். அதை அருளின் உச்சமாகக் கொண்டு கண்ணீர் மல்குகிறவர்கள் கோடிக்கணக்கானோர்; அவர்களுடைய விசுவாசத்தை அறியாமை என்று ஒதுக்கும் அதிகாரம் உனக்கோ எனக்கோ கிடையாது. பிறந்த உடம்போடு ஒரு பக்தன் ஏன் உள்ளே போகக்கூடாது என்று நெஞ்சு எரியக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியைச் சமாதானம் சொல்லி அடக்கும் அதிகாரமும் நமக்கு இல்லை. என் அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்கிறேன், அம்மா: அந்தத் தீயை அழகாகத் தீட்டிவிடாதே. செம்மையும் பொன்னுமாக வர்ணங்களை வாரி இறைத்து அதை ஓர் அலங்காரமாக்கிவிட்டால், பார்க்கிறவர்கள் ஓவியத்தைப் புகழ்ந்துவிட்டு, உள்ளே ஒரு மனிதன் நிற்கிறான் என்பதை மறந்து போவார்கள். 1935-இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942-இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்த படங்களில் பாட்டைக் கேட்டு அழுத ஜனங்கள் எத்தனையோ பேர். அழுதவர்களில் எத்தனை பேர் தங்கள் ஊர்க் கோயில் கதவைத் திறக்க முன்வந்தார்கள் என்பதே கலைஞன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

கதவுகள் கலையால் மட்டும் திறந்துவிடவில்லை என்பதையும் நினைவில் வை. 1916-ஆம் ஆண்டு சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் கண்டு ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தார். 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் தேதி தேசபக்தர் வைத்தியநாதையர் ஹரிஜன அன்பர்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி ஆலயத்தில் பிரவேசித்தார். 1947-இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. நந்தனார் வரலாற்றைத் தீக்குள் முடித்துவிடாமல், சகஜானந்தரின் அந்தப் பள்ளிக்கூடத்தையும் உன் தொடரில் ஒரு சித்திரமாகச் சேர்த்தால் என் மனம் நிறையும்.

முடிவாக ஒரு வேண்டுகோள். ஆய்வு நிறைவேறியதும் கண்காட்சியைக் கல்லூரி மண்டபத்தோடு நிறுத்திவிடாதே. ஆதனூர்ப் பக்கத்துச் சேரியிலும் கோயில் வீதியிலும் படங்களைக் கொண்டுபோய் வைத்து, அம்மக்கள் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டு, அவர்கள் ஒப்பாததையும் உன் ஆய்வேட்டில் ஒளிக்காமல் எழுது. யாருடைய நம்பிக்கையையும் யாருடைய துயரத்தையும் கொண்டு நீ கலை செய்கிறாயோ, அவர்கள் முன்னிலையில் தலை நிமிர்ந்து நிற்கக்கூடிய ஓவியமே ஓவியம்; மதிப்பெண் அதற்குப் பின்னர்தான்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் தாத்தா