ஆபரேஷன் முடிந்தாலும் அடக்கிவைக்கும் பழக்கம் போகணும்

தங்கச்சி, மூத்திரம் பையிலிருந்து திரும்பிச் சிறுநீரகத்துக்கு ஏறும் கோளாறுக்கு உன் பிள்ளை சிகிச்சை முடித்து வந்திருக்கிறதா? ஊசியோ ஆபரேஷனோ, சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் மூத்திரப் பையில் சேரும் இடத்தைத்தான் சரிசெய்யும். இனி பிள்ளை சுகமாகப் படித்து, ஓடியாடி வளரவேண்டுமென்றால் மூத்திரத்தை அடக்கக்கூடாது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பெரிய தொல்லை பள்ளிக்கூடத்தில்தான். மலாக்காவில் தெபோங், மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து விடியும் முன்னே வேன் ஏறும் பிள்ளை, கழிவறை நாறுகிறது என்று மத்தியானம் வீடு திரும்பும்வரை அடக்கிக்கொண்டிருக்கும். போக வேண்டிவருமே என்று தண்ணீரும் குடிக்காது. டீச்சரை நேரில் போய்ப் பார். டாக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடு. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பிள்ளையை வெளியே விடச் சொல், காரணத்தை வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்க வேண்டாம் என்றும் சொல். கழிவறை மோசமென்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் எழுந்து பேசு. அது உன் பிள்ளைக்கு மட்டுமான காரியம் இல்லை.

வீட்டில் அவசரப்படுத்தாதே. உட்காரும் கழிவறை என்றால் காலுக்கு ஒரு சின்ன முக்காலி வை. முடித்ததும் கொஞ்சம் பொறுத்து மறுபடி ஒருமுறை முயலட்டும். மிச்சம் தங்காது.

மலச்சிக்கலை நிறையப் பேர் கவனிப்பதில்லை. இறுகிய மலம் மூத்திரப் பையை நெருக்கும், பை முழுக்கக் காலியாகாது, கிருமி மறுபடி வரும். மைலோவும் பிஸ்கட்டுமே சாப்பாடாக இருந்தால் இதுதான் நடக்கும். வீட்டுக்குப் பின்னால் காய்க்கும் பப்பாளியும் கொய்யாவும், தட்டில் கொஞ்சம் கங்கோங் கீரையும் போதும்.

கிருமி வராமல் தடுக்க டாக்டர் தினசரி மருந்து கொடுத்திருந்தால் நீயாக நிறுத்தாதே. 2014இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் இந்தக் கோளாறு உள்ள 607 பிள்ளைகளைப் பார்த்தார்கள். சிறிய அளவு மருந்தைத் தினமும் சாப்பிட்டவர்களுக்குக் கிருமித் தொற்று திரும்புவது பாதியாகக் குறைந்தது.

சளி, இருமல் இல்லாமல் காய்ச்சல் வந்தால் பெனடோல் கொடுத்துக் காத்திருக்காதே. அன்றைக்கே கிளினிக்குக்குப் போய், பழைய கோளாறைச் சொல்லி, ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே மூத்திரத்தைச் சோதிக்கச் சொல்.

படுக்கையை நனைத்தால் திட்டாதே, பாட்டி, மாமா முன்னால் அந்தப் பேச்சே எடுக்காதே. ஆபரேஷன் புண் ஆறி டாக்டர் சரி என்றபின் பந்து விளையாட்டு, நீச்சல் எதையும் தடுக்கவும் வேண்டாம். நோயாளி என்று நாம் பொத்திவைத்தால் பிள்ளையும் தன்னை அப்படியே நினைத்துக்கொள்ளும்.

சிறுநீரகத்தில் தழும்பு இருக்கிறது என்று சொல்லியிருந்தால், மலாக்கா மருத்துவமனைக்கு வரச்சொல்லும் தேதியைத் தவறவிடாதே, பிள்ளை நன்றாகத் தெரிந்தாலும் சரி. ரத்த அழுத்தமும் மூத்திரத்தில் புரதமும் வருடம்தோறும் பார்க்கவேண்டும். தம்பி தங்கைகளைப் பற்றியும் டாக்டரிடம் கேள், கூடப்பிறந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இந்தக் கோளாறு இருக்கும்.

பெண்பிள்ளை என்றால் எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் பத்திரமாக வை. நாளை அவள் கர்ப்பமாகும்போது, முதல் செக்கப்பிலேயே டாக்டருக்கு அதைக் காட்டவேண்டும்.