காற்றாலையும் மழையும்: ஒரு பத்தி எழுதிப் பார்ப்போம்

மாணவர்களே, பல்லடம், உடுமலைப்பேட்டைப் பக்கம் பேருந்தில் போனவர்கள் சோளக்காடுகளுக்கு நடுவே வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். “இந்தக் காத்தாடி வந்துதானுங்க மழையே போச்சு” என்று பெரியவர்கள் சிலர் சொல்வதையும் கேட்டிருக்கலாம். இது சரியா? ‘ஆராய்ந்து எழுதுக’ என்று வினாத்தாளில் இதையே கேட்டால் என்ன எழுதுவீர்கள்?

பலர் எழுதும் விடை இப்படி இருக்கும்: “காற்றாலைகளால் மழை குறையவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை உயரமானது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசுகிறது. வால்பாறையில் மழை அதிகம்.” முதல் வாக்கியம் ஒரு முடிவு. மற்ற மூன்றும் உண்மைச் செய்திகள். ஆனால் அவை அந்த முடிவை எவ்வாறு தாங்குகின்றன என்று எங்குமே சொல்லப்படவில்லை. அந்த வேலையைப் படிப்பவர் செய்துகொள்ள வேண்டும் என்றால், ஆராய்ந்தவர் அவர்தானே, நீங்கள் அல்லவே!

இதையே வேறுவிதமாக எழுதுவோம்.

“பல்லடம், உடுமலை வட்டாரத்தின் வறட்சி காற்றாலைகளால் வந்ததன்று. இங்குக் காற்றாலைகள் பெருகியது 1990களிலும் அதற்குப் பின்னும்தான். ஆனால் இவ்வட்டாரத்து மானாவாரி நிலங்களுக்கு நீர் கொண்டுவரப் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் அணைகளும் மலைச் சுரங்கங்களும் 1960களிலேயே கட்டப்பட்டுவந்தன. மழை போதுமான அளவு பெய்யும் நிலத்துக்காக யாரும் மலையைக் குடைந்து நீர் கொண்டுவர மாட்டார்கள். ஆகவே வறட்சி காற்றாலைகளுக்கு முந்தியது. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தில் பெரும்பகுதியை ஆனைமலையிலேயே கொட்டிவிடுவதால், கிழக்கேயுள்ள இச்சமவெளி மழைமறைவில் கிடக்கிறது.”

முதல் வாக்கியம் முடிவைச் சொல்கிறது. அது ஒருவர் மறுக்கக்கூடிய முடிவு என்பதைக் கவனியுங்கள். “காற்றாலைகளைப் பற்றிப் பல கருத்துகள் உள்ளன” என்று தொடங்கினால் யாரும் மறுக்கமாட்டார்கள், பயனும் இராது. இரண்டாம், மூன்றாம் வாக்கியங்கள் சான்று. நான்காம் வாக்கியத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பத்தியை மீண்டும் படியுங்கள். அணை கட்டிய காலத்துக்கும் மழைக்கும் என்ன தொடர்பு என்று திகைப்பீர்கள். சான்றை முடிவோடு இணைப்பது அந்த வாக்கியம்தான். மதிப்பெண் பெரும்பாலும் போவது அது இல்லாததால்தான்.

வால்பாறையில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறதே, அதை ஏன் விட்டோம்? விட வேண்டியதில்லை. ஆனால் அது ஈரம் எங்கே விழுந்தது என்பதற்குச் சான்று. வறட்சி எப்போது தொடங்கியது என்பதற்கு அல்ல. ஆகவே அதன் இடம் கடைசி வாக்கியத்தின் பக்கம்.

இனி, “முன்பே வறண்ட பூமிதான், காற்றாலை வந்தபின் இன்னும் குறைந்துவிட்டதே?” என்று ஒருவர் கேட்டால்? நம் பத்தி அதற்கு விடை சொல்லவில்லை. சொன்னதுபோல் காட்டவும் கூடாது. அது வேறு வினா. அதற்கு மழைமானிப் பதிவுகள் வேண்டும். காற்றாலைகள் வருமுன் இருந்த மழையளவையும் வந்தபின் உள்ளதையும் எடுத்து, காற்றாலை இல்லாத அண்டை வட்டங்களின் பதிவுகளோடு ஒப்பிட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் குறைந்திருந்தால் பழியைக் காற்றாலைமேல் போட இயலாது. ஓரிரு ஆண்டுப் பதிவு போதாது. மழை ஆண்டுக்காண்டு ஏறி இறங்கும். வானிலையாளர்கள் சராசரிக்கு 30 ஆண்டுகளை எடுத்துக்கொள்வது அதனால்தான்.