குக்கர் ஓசையும் குழந்தையின் அழுகையும்

கேள்வி: குக்கர் விசில் அடித்தாலே என் ஐந்து வயது மகன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் புரண்டு அழுகிறான். மருந்தில்லாமல் சரிப்படுத்த முடியுமா? (ஒரு தாய், அம்பத்தூர்)

பதில்: சகோதரி, இதைப் பிடிவாதமென்று எண்ணி அடித்துவிடாதீர்கள். புலன்கள் கொண்டுவரும் செய்திகளை ஒழுங்குபடுத்துவதில் மூளைக்குச் சிரமமிருந்தால், நமக்குச் சாதாரணமாகப்படும் ஓசையும் குழந்தைக்குச் சகிக்கவொண்ணாத வேதனையாகிவிடக்கூடும் என்று, ஜீன் அயர்ஸ் என்னும் அமெரிக்க மாது 1972-இல் வெளியிட்ட நூலில் விஸ்தாரமாக விளக்கியிருக்கிறார். அவர் வகுத்த சிகிச்சையில் மருந்து கிடையாது. ஊஞ்சலாட்டம், ஏறி இறங்குதல், கனமானவற்றைத் தள்ளுதல் முதலிய விளையாட்டுகளே பிரதானம். பலன் குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். ஆகையால் பூரண குணத்துக்கு உத்தரவாதம் கூறிப் பணம் கேட்பவரை நம்பவே நம்பாதீர்கள்.

முதலில் செவியைப் பரிசோதியுங்கள். வலிப்பு முதலியவற்றுக்கு மருந்து கொடுத்துவந்தால், வைத்தியரைக் கேளாமல் நிறுத்தலாகாது. விசில் வருமுன்பே அவனிடம் சொல்லி, அரை வாளித் தண்ணீரை வாசற்செடிக்குத் தூக்கிச் செல்லச் சொல்லுங்கள். அழும்போது உபதேசம் வேண்டாம். பேச்சைக் குறைத்து அருகில் அமர்ந்திருங்கள்.

முட்டுக்காட்டில் 2005-இல் தோன்றிய, பலவகைக் குறைபாடுடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் உங்களுக்குத் தூரந்தான்; ஆயினும் ஒருமுறை அங்கே காட்டிவிட்டு, மேற்சொன்ன விளையாட்டுகளின் வாராந்தரப் பயிற்சியை ஆவடியிலோ பூந்தமல்லியிலோ தகுதிபெற்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் தொடரலாம்.