தேநீர் இடைவேளையில் கிடைத்த பயிற்சி

இணையவழிப் பயிற்சியின் இறுதித் தேர்வில் 20க்கு 18 வாங்கினேன். சான்றிதழும் பதிவிறக்கம் ஆயிற்று. மறுநாள் ஐந்தாம் வகுப்பில் 1/3, 1/4 இவற்றில் எது பெரியது என்று கேட்டேன். வகுப்பே "1/4" என்றது. மூன்றைவிட நான்கு பெரிதல்லவா! காணொலியில் பார்த்த வட்டத்தைக் கரும்பலகையில் வரைந்தேன். மூன்று துண்டுகளும் சமமாக அமையவில்லை. குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

அம்மாதக் குறுவளமையக் கூட்டத்தில், தேநீர் வேளையில், பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவரிடம் இதைச் சொன்னேன். "வட்டத்த விடுங்க சார். 12 செ.மீ. நீளத்துல காகிதப் பட்டை வெட்டிக் கொடுங்க. மூணா பிரிச்சா 4, நாலா பிரிச்சா 3. பிள்ளைங்களே அளந்து மடிச்சுப் பக்கத்துல வச்சுப் பார்க்கட்டும்" என்றார். அடுத்த நாளே விளங்கிவிட்டது.

பி.எட். படித்தபோது பாண்டுராவின் சமூகக் கற்றல் கொள்கையைத் தேர்வில் எழுதியவன் நான். அது குழந்தைகளுக்கு மட்டும் உரியது என்று ஏனோ நினைத்திருந்தேன்.

நகலெடுப்பதையே 'ஜெராக்ஸ் எடுப்பது' என்கிறோமே, அந்த நிறுவனத்தின் பழுதுபார்ப்பவர்களோடு 1980களில் அமெரிக்காவில் கூடவே சென்று கவனித்தவர் மானிடவியலாளர் ஜூலியன் ஓர். 1996இல் அதை நூலாக்கினார். கையேட்டுக்கு அடங்காத பழுதுகளை அவர்கள் சாப்பாட்டு வேளையில் கதையாகப் பேசியே கற்றுக்கொண்டார்கள். பின்னர் 1990களில் 'யுரேகா' என்னும் கணினித் தொகுப்பு வந்தது, முதலில் பிரான்சில். ஒருவர் எழுதும் குறிப்பைச் சக பணியாளர்களே சரிபார்ப்பார்கள். எழுதியவர் பெயரோடு அது எல்லோருக்கும் போகும். பேச்சுக்குப் பதிலாகக் கணினி வரவில்லை, பேச்சை வெகுதூரம் கொண்டுபோக வந்தது.

நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றறிக்கையும் காலை வணக்கமும்தான் நிறைகின்றன. எனவே ஐந்து பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து தனிக் குழு தொடங்கினோம். வகுப்பில் எது சரிவரவில்லை, அதற்கு என்ன செய்தோம் என்பதை மட்டும் பெயரோடு பகிர வேண்டும். மூன்று வாரம் வெற்றிப் படங்களே வந்தன. தோல்வியைச் சொல்ல யாருக்கு மனம் வரும்? பிறகு, என் கோணல் வட்டத்தை மறுபடி வரைந்து படமெடுத்து அனுப்பினேன். சிரிப்புக் குறிகளுக்குப் பின்னே உண்மையான கேள்விகள் வரத் தொடங்கின.

நேற்றிரவு வந்த கேள்வி: 302இலிருந்து 178ஐக் கழிக்கும்போது, நடுவிலுள்ள சுழியத்திடம் கடன் வாங்கத் தெரியாமல் பிள்ளைகள் நிற்கிறார்கள், என்ன செய்கிறீர்கள்? இதுவரை நான்கு பதில்கள். என் பதிலை நாளை வகுப்பில் செய்து பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும்.