கையெழுத்துக் கேட்டால் குற்றமா?



சேமிப்பு, கடன், வட்டிக் கணக்கு பற்றி நிறையப் படித்துவிட்டோம். இந்தப் பாடம் கொஞ்சம் வேறு மாதிரி. உரிமை கேட்டதற்காகச் சிறைக்குப் போன பெண்களைப் பற்றியது.

நம்மில் பலர் குழுவில் சேர்ந்த பிறகுதான் கைநாட்டை விட்டுக் கையெழுத்துப் போடப் பழகினோம். தீர்மான நோட்டில் போடும் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று நமக்குத் தெரியும். ஈரான் நாட்டில் கையெழுத்துக் கேட்டு வீடு வீடாகப் போன பெண்கள் மேலே, "நாட்டின் பாதுகாப்புக்கு எதிராக வேலை செய்தார்கள்" என்று கேஸ் போட்டார்கள். நம்பவே முடியவில்லை இல்லையா? என்ன நடந்தது என்று பார்ப்போம்.

அவர்கள் கேட்டது என்ன?

2006 ஜூன் மாதம் டெஹ்ரான் நகரின் ஒரு சதுக்கத்தில் பெண்கள் அமைதியாகக் கூடினார்கள். போலீஸ் அடித்துக் கலைத்தது, பலரைக் கைது செய்தது. அதற்காக அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் "பத்து லட்சம் கையெழுத்து" என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். மொராக்கோ நாட்டுப் பெண்கள் 1990களின் தொடக்கத்தில் இதே மாதிரி கையெழுத்துச் சேர்த்ததுதான் இவர்களுக்கு வழிகாட்டி.

அன்றைய ஈரான் சட்டத்தில் விவாகரத்து பெரும்பாலும் கணவன் கையில் இருந்தது. மகனுக்குக் கிடைக்கும் சொத்தில் பாதிதான் மகளுக்கு. பல வழக்குகளில் இரண்டு பெண்கள் சொல்லும் சாட்சி ஒரு ஆணின் சாட்சிக்குச் சமம். பெண் பிள்ளையின் திருமண வயது 13. "இதையெல்லாம் மாற்றுங்கள்" என்பதுதான் கோரிக்கை. இது மதத்துக்கு எதிரானது இல்லை என்பதையும் அவர்கள் தெளிவாகச் சொன்னார்கள்.

பஸ், பூங்கா, வீட்டு வாசல் என்று போய் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்து, சட்டம் என்ன சொல்கிறது என்று விளக்கினார்கள். கையெழுத்துப் போடாத பெண்ணுக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது. இதனால் பலன் உண்டா? உண்டு. முதல் மனைவியின் சம்மதம் இல்லாமலேயே கணவன் இன்னொரு கல்யாணம் செய்ய வழிவிடும் ஒரு பிரிவு 2008-ல் சட்ட மசோதாவில் வந்தது. பெண்கள் நாடாளுமன்றத்துக்கே போய் எதிர்ப்புச் சொன்னார்கள். அப்போதைக்கு அந்தப் பிரிவு நிறுத்தி வைக்கப்பட்டது.

ஆனால் கைதும் தொடர்ந்தது. 2007 மார்ச்சில், தோழிகள் 5 பேரின் விசாரணை நடந்த நீதிமன்றத்துக்கு வெளியே அமைதியாக நின்ற 30-க்கும் மேற்பட்ட பெண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆதரவாக நின்றதே குற்றமாகிவிட்டது!

அநியாய விசாரணை என்றால் என்ன?

"கோர்ட்டே தீர்ப்புச் சொல்லிட்டா அவங்க தப்புப் பண்ணியிருப்பாங்கதானே?" என்று சிலர் கேட்கலாம். தீர்ப்பு வந்தது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. அது எப்படி வந்தது என்றும் பார்க்க வேண்டும். நியாயமான விசாரணைக்குச் சில அடையாளங்கள் உண்டு.

1. என்ன குற்றம் என்று புரியும்படி சொல்ல வேண்டும்.
2. நம்பிக்கையான வக்கீலை நாமே வைத்துக்கொள்ள முடிய வேண்டும்.
3. பதில் தயார் செய்ய நேரம் தர வேண்டும்.
4. எதிர்ச் சாட்சியை நாம் கேள்வி கேட்க முடிய வேண்டும்.
5. மிரட்டி, அடித்து வாக்குமூலம் வாங்கக் கூடாது.
6. நீதிபதி யாருக்கும் கட்டுப்படாதவராக இருக்க வேண்டும். விசாரணை பலர் அறிய நடக்க வேண்டும்.
7. மேல்முறையீடு செய்ய வழி இருக்க வேண்டும்.

இதெல்லாம் குடிமை, அரசியல் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையில் இருக்கிறது. ஈரான் 1975-லும் இந்தியா 1979-லும் அதை ஏற்றுக்கொண்டன. ஆகவே "அது அவங்க நாட்டு விவகாரம், நமக்கென்ன?" என்று விட முடியாது. ஈரான் அரசு தானே கொடுத்த வாக்கைக் காப்பாற்றச் சொல்லித்தான் உலகம் கேட்கிறது.

வக்கீலுக்கே வக்கீல் இல்லை

நஸ்ரின் சொதூதே ஒரு வக்கீல். கையெழுத்து இயக்கத்துப் பெண்களுக்காக வாதாடியவர். 2010-ல் அவரையே கைது செய்தார்கள். 2011 ஜனவரியில் 11 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள், பிறகு அது 6 ஆண்டாகக் குறைந்தது. அவருடைய சின்ன மகள் வெளிநாடு போகக் கூடாது என்றும் தடை போட்டார்கள். தாய் மேல் கோபம், தண்டனை பிள்ளைக்கு! அதை எதிர்த்து 2012-ல் சிறைக்குள்ளேயே 49 நாள் உண்ணாவிரதம் இருந்தார். மகள் மீதான தடை நீங்கிய பிறகுதான் அதை முடித்தார். 2013-ல் வெளியே வந்தார்.

வந்த பிறகும் ஒதுங்கவில்லை. பொது இடத்தில் தலைத்துணியைக் கழற்றியதற்காகப் பிடிபட்ட பெண்களுக்கு வக்கீலாக நின்றார். 2018 ஜூனில் மறுபடியும் கைது. அந்த மாதமே இன்னொன்றும் நடந்தது. டெஹ்ரானில் தேசப் பாதுகாப்புக் கேஸ்களின் ஆரம்ப விசாரணையில் ஆஜராக 20 வக்கீல்களின் பெயர்ப் பட்டியலை நீதித்துறை வெளியிட்டது. அதில் இல்லாத வக்கீல் வர முடியாது. தான் விரும்பும் வக்கீலை வைக்க விடாததால் நஸ்ரின் விசாரணைக்குப் போக மறுத்தார். 2019-ல், அவர் இல்லாமலே தீர்ப்பு வந்தது. எல்லா கேஸையும் கூட்டினால் 38 ஆண்டு சிறை, 148 சவுக்கடி என்று அவருடைய கணவர் தெரிவித்தார். பல தண்டனைகளில் பெரியதை அனுபவித்தால் போதும் என்ற சட்டப்படி, அவர் இருக்க வேண்டியது 12 ஆண்டு.

5 நிமிட விசாரணை

நர்கெஸ் முகமதி பொறியாளர். மரண தண்டனை கூடாது, பெண்களுக்குச் சம உரிமை வேண்டும் என்று பாடுபட்டவர். பல தடவை சிறை சென்றவர். 2022 ஜனவரியில் அவருக்கு 8 ஆண்டு சிறையும் 70-க்கு மேல் சவுக்கடியும் விதித்தார்கள். விசாரணை நடந்தது வெறும் 5 நிமிடம் என்றார் அவர் கணவர். யோசித்துப் பாருங்கள்! நம்ம குழுவில் ஒரு கடன் மனுவைப் படித்து முடிவு செய்யவே அதைவிட அதிக நேரம் ஆகுதே!

2023-ல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அப்போதும் அவர் சிறையில்தான். பல ஆண்டாக அம்மாவைப் பார்க்காத இரட்டைப் பிள்ளைகள் மேடைக்குப் போய் வாங்கினார்கள். நர்கெஸுக்காகப் போட்ட நாற்காலி காலியாகவே இருந்தது.

துணை நிற்பது எப்படி?

முதலில், பெயரை மறக்கக் கூடாது. ஒரு பெண்ணைச் சிறையில் போடுபவர்களுக்கு ஊர் அவளை மறந்துவிடுவதுதான் வசதி.

இரண்டாவது, கடிதமும் மனுவும். மனித உரிமை அமைப்புகள் மூலமாக உலகம் முழுவதும் சாதாரண மக்கள் கடிதம் எழுதுகிறார்கள். திட்டாமல், நடந்த தவறை மட்டும் எழுதி, "நியாயமான விசாரணை வேண்டும், விடுதலை வேண்டும்" என்று கேட்பார்கள். ஒரு கடிதத்தால் கதவு திறக்காது. ஆனால் வெளியே கவனிக்க ஆள் இருக்கிறது என்று சிறையில் இருப்பவருக்கும் தெரியும், அதிகாரிக்கும் தெரியும்.

மூன்றாவது, குடும்பத்தைக் கைவிடக் கூடாது. "ஜெயிலுக்குப் போனவ வீடு" என்று ஒதுக்குவதுதான் பெரிய தண்டனை.

நான்காவது, அவர் சொல்லும் எல்லாக் கருத்தையும் நாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. கருத்தில் ஒத்துப்போகாத பெண்ணுக்கும் நியாயமான விசாரணை வேண்டும் என்று கேட்பதுதான் நீதி. நமக்குப் பிடித்தவருக்கு மட்டும் கேட்டால் அது சலுகைதான்!

குழுக் கூட்டத்தில் கலந்து பேசுங்கள்

1. கையெழுத்துக் கேட்ட பெண்களைக் கண்டு ஒரு அரசு ஏன் பயப்பட வேண்டும்?
2. மேலே சொன்ன 7 அடையாளங்களில் நஸ்ரினுக்கும் நர்கெஸுக்கும் எவையெல்லாம் கிடைக்கவில்லை?
3. நம் குழுவில் ஒருவர் மேல் புகார் வந்தால், அவர் தரப்பைக் கேட்ட பிறகுதான் முடிவு செய்கிறோமா?

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். உலகத்துக்குக் கேட்கும் நியாயத்தை நம்ம பாயில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் கொடுப்போம். பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள், சகோதரிகளே!