‘கெர்ப்’: ஒரு தெருச்சொல்லின் பொருளும் வரலாறும்

சான்ட்ரிங்ஹாமில் குடியிருப்போருக்கு வரும் அறிவித்தல்களில் ‘கெர்ப்’ என்னும் சொல் அடிக்கடி இடம்பெறுகின்றது. வாகனங்கள் செல்லும் பகுதியின் ஓரத்தில் சற்று உயர்த்திப் பதிக்கப்பட்ட ஓரக்கல்லே கெர்ப் ஆகும். அதனை ஒட்டி மழைநீர் ஓடும் ஆழமற்ற வாய்க்கால் ‘சனல்’ எனப்படும். ஓரக்கல்லுக்கும் நடைபாதைக்கும் இடைப்பட்ட புல்தரை ‘பெர்ம்’.

வளைந்தது எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்த இச்சொல், முதலில் குதிரையின் தாடைக்குக் கீழே பூட்டி அதனை அடக்கும் பட்டையைக் குறித்தது. பின்னர் கிணற்றின் வாயைச் சுற்றிய கட்டுக்கும் அப்பெயர் வந்தது. யாழ்ப்பாணத்தார் கிணற்றுக்கட்டு என்பது அதனையே. தெருவோரக் கல்லைக் குறிக்கையில் பிரித்தானிய வழக்கு ‘கே’ எழுத்தில் தொடங்கும். அமெரிக்கர் ‘சி’ எழுத்தையே பயன்படுத்துவர். நியூசிலாந்து பிரித்தானிய வழக்கைப் பின்பற்றுகின்றது. பெர்ம் என்பதோ கோட்டைமதிலுக்கும் அகழிக்கும் இடையே விடப்படும் திட்டைக் குறித்த படைத்துறைச் சொல். இன்று அதன்மீது புல்வெட்டும் இயந்திரமே படையெடுக்கின்றது!

லண்டனில் முற்காலத்தில் அவரவர் வீட்டு முன்புறத்தை அவரவரே தளமிட வேண்டியிருந்தது. 1762ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் தளவரிசைச் சட்டம் அப்பொறுப்பை ஆணையாளர்களிடம் ஒப்படைத்தது. தெருவோரக் கற்களும் வாய்க்கால்களும் பரவலாகியது அதன் பின்னரே. ஒக்லாந்தின் பழைய தெருக்கள் சிலவற்றில் எரிமலைப் பாறையில் செதுக்கிய ஓரக்கற்களை இன்றும் காணலாம்.

நியூசிலாந்தின் 1974ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டம், ‘நடைபாதை’ என்பதற்கு வரைவிலக்கணம் கூறுகையில் ஓரக்கல்லையும் வாய்க்காலையும் அதனுள் அடக்குகின்றது. எனவே, வீட்டின் முன்னால் இருப்பினும் அவை வீட்டுக்காரருடையவை அல்ல. வாகனம் ஏறுவதற்கு வசதியாக வாய்க்காலில் பலகையோ சீமெந்தோ இடுவது தகாது. வாகன நுழைவழி தேவையெனில் முன்னனுமதி பெறவேண்டும். சிறு பலகைதானே எனச் சிலர் எண்ணக்கூடும். ஆனால் மழைநீர் அங்கே தடைப்பட்டால் அடுத்த வீட்டு வளவுக்குள் புகும். 2023 சனவரி 27 பெருவெள்ளத்தைக் கண்டோருக்கு இது விளங்கும். வண்ணப்பூச்சுத் தூரிகை கழுவிய நீரையும் வாய்க்காலில் விடலாகாது. அது மழைநீருக்கு மட்டுமே உரியது.

புல்லின் நிலை வேறு. பெர்ம் பொதுத்தெருவின் பகுதியே. எனினும், முந்தைய ஒக்லாந்து மாநகர எல்லைக்குள் நகரசபை செய்துவந்த புல்வெட்டும் பணி 2013 சூலையில் பொதுவாக நிறுத்தப்பட்டது. அதன் பின்னர் அப்பணி அருகில் குடியிருப்போரிடமே விடப்பட்டுள்ளது.