ஸ்டியரிங் ஆட்டம்: பாக்ஸ் மேல் போடும் பழி

கும்மிடிப்பூண்டி சிப்காட் டிரெய்லர்கள் கவரைப்பேட்டை நெடுஞ்சாலையில் பக்கத்தில் உரசுகிற மாதிரி முந்தும்போது, ஸ்டியரிங்கை நான்கு விரற்கடை திருப்பியும் வண்டி அசையாவிட்டால் வயிறு கலங்கும். பழைய மஹிந்திரா பிக்கப்போ டாடா 407-ஓ ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். கேட்டால், "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்பார்கள்.

அப்படித்தான் என்று சட்டம் சொல்லவில்லை. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி, ஸ்டியரிங் வீலில் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. வண்டியின் வயதுக்குச் சலுகை கிடையாது. 40 செ.மீ. விட்டமுள்ள வீலில் 30 டிகிரி என்பது விளிம்பில் சுமார் பத்தரை செ.மீ. என்னைக் கேட்டால் அதுவே தாராளம்; அதில் பாதி வந்ததுமே வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் பலரும் நேராகக் கை வைப்பது ஸ்டியரிங் பாக்ஸில்தான். "திருகை ஒரு சுற்று இறுக்கு, சரியாயிடும்." லாக் நட்டும் அட்ஜஸ்ட் செய்யும் திருகும் கண்ணெதிரே நீட்டிக்கொண்டிருப்பதால் வந்த வினை. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் பாக்ஸுக்குள் பல் தேய்வது நடுவில். இரு ஓரங்களும் ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். நடு ஆட்டம் போகும்வரை இறுக்கினால் ஓரத்தில் பிடிக்கும். தச்சூர் கூட்டு ரோட்டில் திரும்பிய வீல், தானாக நேருக்கு வராது.

முதலில் ஆட்டம் எங்கே என்று பாருங்கள். இதற்கு இரண்டு பேர் போதும். இன்ஜினை நிறுத்தி, சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவர் வீலை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்ட, மற்றவர் அடியில் ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். வீலோடு, பாக்ஸிலிருந்து வரும் டிராப் ஆர்மும் உடனே அசைகிறதா? பாக்ஸ் நிரபராதி. டிராக் லிங்க், டை ராடு எண்ட் பக்கம் போங்கள். வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகள் பலவற்றில் முன்பக்கம் பெல் கிராங்க் ஒன்று உண்டு. அந்தக் கிராங்கின் பின்னும் பேரிங்கும் தேய்ந்து, பழி பாக்ஸுக்குப் போவது வழக்கம். பாக்ஸே சேஸியில் நிற்காமல் ஆடினால் போல்ட் தளர்ந்திருக்கும், இல்லை சேஸியில் விரிசல்.

எல்லாம் சரியாக இருந்து பாக்ஸ்தான் குற்றவாளி என்றால், டிராக் லிங்கைக் கழற்றிவிட்டு, பாக்ஸை நடு நிலையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஓரத்துக்கு ஓரம் சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது பிடித்தால் திருகைத் தளர்த்துங்கள்.

"சக்கரம் ஆடினால் கிங் பின் போச்சு" என்பது பாதி உண்மை. ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஒருவர் பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் கோளாறு வீல் பேரிங்கில். நிற்காவிட்டால்தான் கிங் பின்.

தேய்ந்த மூட்டுகளை வைத்துக்கொண்டு வீல் அலைன்மென்ட் செய்வது வீண் செலவு.

ஆயில் கசியும் பாக்ஸில் கிரீஸை அடைப்பதும் அப்படியே. பல்லும் பந்தும் கிரீஸை ஒதுக்கித் தள்ளிவிடும், அது திரும்பி வராது. உள்ளே காய்ந்த இரும்பு தேயும். சீலை மாற்றி, கையேட்டில் சொன்ன கியர் ஆயிலை ஊற்றுங்கள். கிரீஸ், நிப்பிள் உள்ள இடத்துக்கு. கிங் பின்னுக்கு அடிக்கும்போது சக்கரத்தைத் தூக்கிவிட்டு, பழைய கறுப்புக் கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். சுமை தாங்கி நிற்கும் முகத்துக்கு அப்போதுதான் போய்ச் சேரும்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய பாக்ஸ் வாங்குவதைக் குறை சொல்லமாட்டேன். பிரித்துப் பார்த்து வாங்கலாம். டை ராடு எண்டைப் பழையதாக வாங்காதீர்கள், ஆடுவதைச் சுத்தியால் தட்டியோ வெல்டிங் வைத்தோ இறுக்காதீர்கள். பந்து மூட்டுகளுக்கு ரப்பர் மூடி வேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டியிருக்க வேண்டும் என்று அதே 98-ஆவது விதி கேட்கிறது. ஸ்பிளிட் பின் சில ரூபாய்தான். கழற்றியதை நிமிர்த்தி மறுபடி போடாமல் புதிதாக ஒன்றை மாட்டுங்கள்.